பரணிலிருந்து இறங்கிய வால்வு ரேடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணையோ இரண்டாம் கட்டு அறையையோ ஒழிக்கும்போது ஒரு வால்வு ரேடியோவாவது வெளியே வரும். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் கப்பலில் வந்தவை உண்டு. சென்னையில் வாங்கிய பிலிப்ஸ், மர்ஃபி, ஜிஇசி, எச்எம்வி, புஷ் செட்டுகளும் உண்டு. இவற்றைத் திரும்பப் பாட வைப்பது பற்றிக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுதப்பட்டது. அவை தெரியாதவர்கள் முதல் மூன்று பதில்களையும், வாங்குவது, பெட்டி, ஏரியல் பற்றிய பதில்களையும் மட்டும் படித்தால் போதும்.

ரொம்ப நாள் கிடந்த செட். பிளக்கைச் சொருகிப் பாடுகிறதா என்று பார்க்கலாமா?

கூடாது. கிடந்த வருஷங்களில் கெடாத செட் அந்தப் பத்து நிமிஷத்தில் கெட்டுப்போகும். உள்ளே உள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்தோ ஷார்ட் ஆகியோ இருக்கும். காகிதக் கண்டென்சர்கள் ஈரம் குடித்திருக்கும். முழு 230 வோல்ட் ஏறியதும் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் அந்தப் பளுவைச் சுமக்க வேண்டிவரும். கண்டென்சர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மர் போனால் காயில் கட்டுபவரைத் தேடி அலைய வேண்டும்.

“போன மாதம்கூடப் பாடியது” என்று சொல்லி விற்கும் செட்டுக்கும் இதே விதிதான்.

ஷாக் அடிக்குமா? எவ்வளவு ஆபத்து?

உயிர் போகும் அளவுக்கு ஆபத்து உண்டு. வால்வு செட்டின் உள்ளே 200 முதல் 300 வோல்ட் டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். ஒவ்வொரு முறை கை வைக்கும் முன்பும் 4.7 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் போட்ட கம்பியோடு ஃபில்டர் கண்டென்சரின் பாசிட்டிவ் முனைக்கும் சேசிஸுக்கும் (பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டு) இடையே பத்து வினாடி பிடியுங்கள். பிறகு மீட்டரால் பூஜ்யமா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். கண்டென்சரும் கெடும், முனையும் கருகும்.

மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டுமானால் கறுப்பு முனையைக் கிளிப் போட்டு சேசிஸில் மாட்டிவிட்டு ஒரு கையால் மட்டும் அளங்கள். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். ஆத்தங்குடி டைல்ஸ் போட்ட தரையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்யாதீர்கள், அதுவும் தரை துடைத்த ஈரத்தோடு வேண்டவே வேண்டாம்.

என் செட் டிரான்ஸ்ஃபார்மர் செட்டா, ஏசி-டிசி செட்டா? எப்படித் தெரிந்துகொள்வது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆணியைக்கூடக் கழற்றக் கூடாது. பின் அட்டையின் காற்றுத்துளை வழியே டார்ச் அடித்து வால்வுகளின் மேல் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். ‘இ’ எழுத்தில் தொடங்கினால் (இசிஎச்-81, இபிஎஃப்-89, இஎல்-84, இசட்-80 அதாவது EZ80) 6.3 வோல்ட் வால்வுகள், பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் செட். ‘யு’ எழுத்தில் தொடங்கினால் (யுசிஎச்-81, யுபிஎஃப்-89, யுசிஎல்-82, யுஒய்-85) ஏசி-டிசி செட்.

ஏசி-டிசி செட்டில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் மெயினின் ஒரு முனை நேராகச் சேசிஸில் சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிப் போட்டால் சேசிஸ் முழுக்க ஃபேஸ். நடமாட்டமான முகப்பில் பழைய இரண்டு முள் பிளக் பாயிண்ட் இருந்தால் எந்தப் பக்கம் ஃபேஸ் என்பது யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் உண்டு: சேசிஸ் பக்கத்துக் கம்பியில் ஸ்விட்ச் இருக்கும் மாடல்களில், நியூட்ரல் சரியான பக்கம் இருந்தாலும், ரேடியோவை அணைத்ததும் வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் வரிசை வழியாகச் சேசிஸில் ஃபேஸ் வந்து நிற்கும். டெஸ்டர் எரியும். “ஆஃப் பண்ணித்தான் தொட்டேன்” என்பது இந்தச் செட்டில் செல்லாது.

ஆகவே ஏசி-டிசி செட்டில் வேலை செய்ய 230-க்கு 230 வோல்ட், 100 வாட் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். குமிழ்களைப் பிடிக்கும் சின்னத் திருகாணிக் குழியில் மெழுகு அடைத்திருப்பார்கள். அழுக்கு என்று அதைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். விரல் அந்தத் திருகாணியில் பட்டால் சேசிஸைத் தொட்ட மாதிரிதான். எடுத்திருந்தால் திரும்ப மெழுகு உருக்கி அடையுங்கள். பின் அட்டை இல்லாமல் இந்தச் செட்டைக் குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்கவே கூடாது.

என்னென்ன கருவி வேண்டும்?

டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 அல்லது 35 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஈயம் உறிஞ்சும் பம்ப், பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர், பெயிண்ட் பிரஷ், ஐசோபுரொபைல் ஆல்கஹால். கூடவே ஒரு சீரிஸ் லேம்ப் (கரண்டைக் கட்டுப்படுத்தத் தொடரில் வைக்கும் பல்பு). ஒரு கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் பாதி டெஸ்ட் கருவி வாங்க வேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

சீரிஸ் லேம்ப் எப்படிக் கட்டுவது, எப்படிப் பயன்படுத்துவது?

ஃபேஸ் கம்பியில் ஒரு பல்பு ஹோல்டரைத் தொடராக வைத்து, அதற்குப் பின் ஒரு பிளக் பாயிண்ட். பல்பு பழைய குண்டு பல்பாகத்தான் இருக்க வேண்டும். எல்இடி பல்போ சிஎஃப்எல்லோ இங்கே உதவாது. ஐந்து வால்வு செட் சுமார் 40 முதல் 60 வாட் எடுக்கும். அதற்கு முதலில் 60 வாட் பல்பு, பிறகு 100 வாட்.

அதற்கு முன் வோல்டேஜ் செலக்டரைப் பாருங்கள். 110, 127, 200, 220, 245 என்று சேசிஸின் பின்னால் ஒரு வட்டமோ செருகு முள்ளோ இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த செட் 200-லோ 220-லோ நிற்கலாம். இங்கே இரவில் லைன் 245 வோல்ட் வரை ஏறும் ஊர்கள் உண்டு. 220-ல் வைத்து 245 கொடுத்தால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7 வோல்ட் போகும். 240 அல்லது 245-ல் வைத்துவிடுங்கள்.

முதல் சுற்றில் ரெக்டிஃபையர் வால்வை (இசட்-80, இசட்-81) கழற்றி வைத்துவிட்டுப் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கி நிற்க வேண்டும், டயல் விளக்கு லேசாக எரிய வேண்டும். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் மற்ற வால்வுகளையும் டயல் விளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் அதே வெளிச்சம் என்றால் மெயின் டிரான்ஸ்ஃபார்மரில் ஷார்ட், அல்லது மெயினில் போட்ட கண்டென்சரில் ஷார்ட். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் இருக்கும்போது பல்பு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எரிவதுதான் சரி.

இந்தச் சுற்று தேறினால் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடும் தார் வாசமும் கூடாது. ரெக்டிஃபையரைத் திரும்ப மாட்டுவது கண்டென்சர்களை மாற்றிய பிறகுதான்.

எல்லாக் கண்டென்சரையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். எது கிழடாகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள். பழையதை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த இடத்திலேயே புதியதைப் போட்டு, அடுத்ததற்குப் போங்கள். மொத்தமாகக் கழற்றிவிட்டுப் பிறகு இடம் தேடினால் வம்புதான். தொடங்கும் முன் போனில் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரோலிட்டிக் (அலுமினிய டப்பா): கட்டாயம் மாற்ற வேண்டும். 32+32 என்று இருந்தால் இரண்டு 33 அல்லது 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி வகை. ரெக்டிஃபையருக்கு அடுத்த முதல் கண்டென்சரை 50 மைக்ரோஃபாரடுக்கு மேல் ஏற்றாதீர்கள். இசட்-80 வால்வுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த எல்லையே அதுதான். 100 போட்டால் இரைச்சல் குறையும் என்று நினைத்துப் போடுகிறவர்கள் வால்வைத்தான் தீர்க்கிறார்கள். பழைய டப்பாவை அழகுக்காக மேலே விட்டுவைக்கலாம், ஆனால் கம்பியை அதிலிருந்து முழுக்க அவிழ்த்துவிட வேண்டும். இணையாக விட்டால் பழையதன் லீக் அப்படியே தொடரும். அவுட்புட் வால்வின் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு) கேத்தோடில் உள்ள 25 அல்லது 50 மைக்ரோஃபாரடுக்கு 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட்.

காகிதக் கண்டென்சர் (மெழுகு பூசிய குழல், தார் அடைத்த குழல்): அத்தனையும் மாற்ற வேண்டும். 0.01, 0.022, 0.047, 0.1 மைக்ரோஃபாரட் மதிப்பில் 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர் சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். 0.05-க்கு 0.047, 0.02-க்கு 0.022 போடுவதில் எந்தக் குறையும் இல்லை.

மெயினில் குறுக்கே இருக்கும் கண்டென்சருக்கு எக்ஸ்-2 வகையும், மெயினிலிருந்து சேசிஸுக்குப் போவதற்கு ஒய்-2 வகையும் மட்டுமே போட வேண்டும். சாதாரண 630 வோல்ட் கண்டென்சர் இங்கே ஒருநாள் ஷார்ட் ஆகும்.

மைக்கா, செராமிக், ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) டப்பாவுக்குள் இருப்பவை: தொடாதீர்கள். அவை கெடுவது அபூர்வம், மாற்றினால் டியூனிங் நகர்ந்துவிடும்.

ஒரே ஒரு கண்டென்சரை மாற்றினால் போதும் என்றால் எது?

அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (வால்வுக்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் கப்ளிங் கண்டென்சர். வழக்கமாக 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட். முந்திய வால்வின் பிளேட்டில் உள்ள பாசிட்டிவ் டிசியைத் தடுத்துப் பாட்டை மட்டும் விடுவது இதன் வேலை. இது லீக் ஆனால் இஎல்-84-ன் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறும். வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், பிளேட் சிவக்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபையரும் பின்னாலேயே போகும். பாட்டு மட்டும் கொஞ்ச நேரம் சுமாராகவே கேட்டுக்கொண்டிருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

சோதனை எளிது. இஎல்-84-ல் 2-ம் முள் கிரிட், 3-ம் முள் கேத்தோடு. கிரிட்டில் பூஜ்யம் இருக்க வேண்டும். அரை வோல்ட் பாசிட்டிவ் இருந்தாலே கண்டென்சரைத் தூக்கிவிடுங்கள். புதியது போட்ட பிறகும் செட் சூடேறச் சூடேறக் கிரிட்டில் பாசிட்டிவ் வந்தால் வால்வுக்குள் வாயு புகுந்திருக்கிறது. கேத்தோடில் 135 முதல் 170 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் 7 வோல்ட் வாக்கில் காட்ட வேண்டும். 12 வோல்ட்டைத் தாண்டினால் உடனே அணையுங்கள். பூஜ்யம் காட்டினால் வால்வு கரண்ட் இழுக்கவே இல்லை: ஹைடென்ஷன் (அந்த 200 முதல் 300 வோல்ட் டிசி) வரவில்லை, ஹீட்டர் எரியவில்லை அல்லது எமிஷன் (எலக்ட்ரான் வெளியிடும் திறன்) தீர்ந்துவிட்டது.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு டெஸ்ட் செய்யலாமா?

கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் சத்தம் ஏற்றினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி காயிலின் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். பெட்டிக்கு வெளியே வேலை செய்யும்போது 4 ஓம் ஸ்பீக்கர் எதையாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

பிரைமரியை ஓம்மீட்டரில் அளந்தால் சாதாரணமாக 300 முதல் 600 ஓம். ஓப்பன் காட்டினால் அது போய்விட்டது. அந்த நிலையில் செட்டைப் போட்டால் பிளேட்டுக்கு வர வேண்டிய கரண்டெல்லாம் ஸ்க்ரீன் கிரிட் வழியே ஓடி, வால்வுக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அப்படிப் பார்த்தால் ஒரு வினாடிகூட விடாதீர்கள். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் சிலர் இதையும் கட்டிக் கொடுப்பார்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள்; சுற்று எண்ணிக்கையை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

வால்வு நல்லதா கெட்டதா என்று டெஸ்டர் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

முதலில் கண்ணாடியின் உச்சியைப் பாருங்கள். வெள்ளி போலப் பளபளக்கும் பூச்சு, அல்லது கறுத்த பூச்சு இருந்தால் வெற்றிடம் இருக்கிறது. பால் வெள்ளையாக இருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, குப்பைதான்.

தூசு துடைக்கிறேன் என்று வால்வைத் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். எண் அச்சிட்ட மை விரல் ஈரத்திலேயே வந்துவிடும். பிறகு அது இபிஎஃப்-89-ஆ இசிஎச்-81-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. எண் இருக்கும் பக்கத்தை விட்டு மற்றதை உலர்ந்த பிரஷால் தட்டுங்கள்.

மேலே சொன்ன ஒன்பது முள் வால்வுகளில் ஹீட்டர் 4, 5-ம் முட்களில் இருக்கும். ஓம்மீட்டரில் சில ஓம் காட்ட வேண்டும். ஏசி-டிசி செட்டில் ஒரு ஹீட்டர் அறுந்தாலும் மொத்தமும் இருட்டு. ஹீட்டர் வரிசையின் கணக்கு: யுசிஎச்-81-க்கு 19 வோல்ட், யுபிஎஃப்-89-க்கு 19, யுசிஎல்-82-க்கு 50, யுஒய்-85-க்கு 38, ஆக 126. மீதி 104 வோல்ட்டை 0.1 ஆம்பியரில் டிராப்பர் ரெசிஸ்டர் தின்ன வேண்டும். அதாவது சுமார் 1040 ஓம், 10 வாட்டுக்கு மேல் சூடு. இந்த ரெசிஸ்டர்தான் பெரும்பாலும் அறும். 20 வாட் வகையைப் போட்டு மற்ற பாகங்களிலிருந்து தள்ளி வையுங்கள்.

அமெரிக்க எண்ணில் அதே வால்வு கிடைக்கும்: இசிஎச்-81-க்கு 6ஏஜே8, இபிஎஃப்-89-க்கு 6டிசி8, இஎல்-84-க்கு 6பிகியூ5, இசிஎல்-82-க்கு 6பிஎம்8, இஏபிசி-80-க்கு 6ஏகே8, இசட்-80-க்கு 6வி4. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகள் பழைய கடைகளில் இன்னும் தென்படும், தரம் நன்றாகவே இருக்கும். இஎல்-84 கிதார் ஆம்ப்ளிஃபையர்களின் புண்ணியத்தால் இப்போதும் புதிதாகத் தயாராகிறது. அலைமாற்றும் வால்வுகளுக்குப் பழைய இருப்பைத்தான் நம்ப வேண்டும்.

ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதில் 1என்4007 டயோட் போடலாமா என்று கேட்பார்கள். போட்டால் ஹைடென்ஷன் 20, 30 வோல்ட் கூடும், மற்ற வால்வுகள் சூடாகும் முன்பே வந்து நிற்கும். வேறு வழியில்லை என்றால் 150 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போடுங்கள்.

வால்வுகள் எரிகின்றன, சத்தமே இல்லை. எங்கிருந்து தேடுவது?

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். ஹைடென்ஷன் இருக்கிறதா? இசட்-80-ல் 3-ம் முள்ளில் 230 முதல் 280 வோல்ட் வாக்கில் இருக்க வேண்டும். இருந்தால், வால்யூமைப் பாதி வைத்து, இன்சுலேஷன் பிடியுள்ள மெல்லிய ஸ்க்ரூடிரைவரின் நுனியால் வால்யூம் கன்ட்ரோலின் நடு முனையைத் தொடுங்கள் (டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் மட்டும்). ‘உர்ர்’ என்று சத்தமாக வந்தால் ஆடியோ பகுதி நன்றாக இருக்கிறது. வராவிட்டால் கோளாறு அதற்குப் பின்னால்: பிளேட் ரெசிஸ்டர் அறுந்திருக்கும். 220 கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்டர் 400-க்கு ஏறி நிற்பது சாதாரணம். ஒரு முனையைக் கழற்றி அளந்து, 20 சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை மாற்றுங்கள்.

ஸ்பீக்கரில் இரைகிறது, ஆனால் ஒரு ஸ்டேஷனும் வரவில்லை.

பெரும்பாலும் ஆசிலேட்டர் (செட்டுக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் பகுதி) ஓடவில்லை. அந்த டிரான்சிஸ்டர் ரேடியோ இப்போது வேண்டும். வால்வு செட் எந்த ஸ்டேஷனில் நிற்கிறதோ அதற்கு மேல் ஐஎஃப் அளவு, அதாவது 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஆசிலேட்டர் ஓடும். வால்வு செட்டை 720-ல் (மீட்டர் டயல் என்றால் 417) வைத்து, டிரான்சிஸ்டரை 1175 வாக்கில் வைத்து அருகில் கொண்டுவாருங்கள். வால்வு செட்டின் குமிழை மெல்ல ஆட்டும்போது டிரான்சிஸ்டரில் ஒரு விசில் கடந்துபோனால், அல்லது அதன் இரைச்சல் சட்டென்று அடங்கினால், ஆசிலேட்டர் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே நடக்காவிட்டால் இசிஎச்-81-ன் 9-ம் முள்ளில் அளந்து பாருங்கள். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் வால்வு, ஆசிலேட்டர் காயில், பேண்ட் ஸ்விட்ச் மூன்றில் ஒன்று.

பேண்ட் ஸ்விட்சைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். வெள்ளி முலாம் கறுத்துப் போயிருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய அட்டைத் துண்டைத் தகடுகளுக்கு இடையே இழுத்து, இருபது முப்பது முறை திருப்புங்கள். துருக் கழற்றும் எண்ணெய் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். அது அட்டைத் தட்டில் ஊறி லீக் ஆகும், பிறகு எடுக்க வழியில்லை.

ஆசிலேட்டர் ஓடியும் ஸ்டேஷன் இல்லையென்றால் ஐஎஃப் காயில். எலி மூத்திரம் பட்ட டப்பாவில் மயிரிழைக் கம்பி பச்சைப் பூத்து அறுந்திருக்கும். பிளேட் முள்ளில் வோல்ட் இல்லாததிலிருந்து தெரியும். அறுந்தது முனையில் என்றால் லென்ஸ் வைத்து ஒட்டிவிடலாம், உள்ளே என்றால் வேறு செட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

‘உம்ம்’ என்று ஓயாமல் இரைகிறது.

வால்யூமைக் குறைத்தாலும் அதே அளவு இரைந்தால் ஃபில்டர் கண்டென்சர். புதியது போட்டும் நிற்காவிட்டால் அவுட்புட் வால்வில் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் ஷார்ட். வால்யூமைக் குறைக்கும்போது அடங்கினால் வால்யூம் கன்ட்ரோலுக்குப் போகும் ஷீல்டு கம்பி அறுந்திருக்கும். ஸ்டேஷன் பிடிக்கும்போது மட்டும் இரைந்து, நடுவே அடங்கினால் மெயினிலிருந்தோ ரெக்டிஃபையர் பிளேட்டிலிருந்தோ சேசிஸுக்குப் போட்ட சின்னக் கண்டென்சர் போய்விட்டது என்று பொருள்.

ஸ்டேஷன் டயலில் வேறு இடத்தில் வருகிறது. காயில் கோர்களைத் திருப்பிச் சரிசெய்யலாமா?

முதலில் டயல் கயிற்றைப் பாருங்கள், பிறகு பேசலாம். கேங்கை (டியூனிங் கண்டென்சரை) முழுக்க மூடினால் முள் 550 மீட்டர் பக்கத்து விளிம்பில் நிற்க வேண்டும். முள் நகர்ந்திருந்தால் அதைக் கயிற்றில் தள்ளி வைத்தாலே போதும்.

பழைய டயல் மீட்டரில் எழுதியிருக்கும். 300000-ஐ கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். திருச்சி 936 என்றால் 320 மீட்டர். தூத்துக்குடி 1053 என்றால் 285. திருநெல்வேலி 1197 என்றால் 250. சென்னை 720 என்றால் 417. இவற்றில் ஒலிபரப்பில் இருப்பவற்றை வைத்தே டயலைச் சரிபார்த்துவிடலாம். மேல் முனையில் (200 மீட்டர் பக்கம்) விலகினால் ஆசிலேட்டர் ட்ரிம்மரை (திருகிச் சரிசெய்யும் சின்னக் கண்டென்சர்) திருப்ப வேண்டும். கீழ் முனையில் விலகினால் பேடர் (அதே போன்ற இன்னொரு கண்டென்சர்) அல்லது ஆசிலேட்டர் கோர் (காயிலுக்குள் திருகும் தண்டு). ஒன்றைத் திருப்பினால் மற்றது கொஞ்சம் நகரும், எனவே இரண்டு மூன்று முறை மாறி மாறிச் செய்ய வேண்டும்.

ஐஎஃப் கோர்களை மட்டும் சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் தொடாதீர்கள். மெழுகில் ஒட்டிய கோர் இரும்பு ஸ்க்ரூடிரைவரில் இரண்டாக உடையும். வேறு யாரும் திருப்பாத வரை அவை தாமாக அதிகம் நகர்வதில்லை. எல்லா செட்டும் 455 அல்ல: பிலிப்ஸில் 452-ம், சில ஆங்கிலச் செட்டில் 465-ம் 470-ம் உண்டு. சர்க்யூட் தாள் பார்க்காமல் 455-க்கு ஏற்றினால் டயல் எப்போதும் ஒத்துவராது.

டயல் கயிறு அறுந்துவிட்டது.

0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் பின்னல் நைலான் கயிறு போதும். தூண்டில் நரம்பு வேண்டாம், வழுக்கும், சூட்டில் நீளும். டியூனிங் தண்டில் இரண்டரை அல்லது மூன்று சுற்று. ஸ்பிரிங் பாதி இழுபட்டு நிற்கும்படி முடிச்சுப் போட்டு, முடிச்சில் ஒரு சொட்டு ஒட்டுப் பசை வையுங்கள். அப்படியும் வழுக்கினால் குங்கிலியத் தூளைக் கயிற்றில் தேய்த்தால் பிடிக்கும். பழைய கயிறு அறுந்திருந்தாலும் அது ஓடிய வழித்தடம் கப்பிகளில் தூசுக் கோடாகத் தெரியும். துடைக்கும் முன் படம் எடுங்கள்.

மேஜிக் ஐ மங்கலாக இருக்கிறது. பச்சை வெளிச்சம் திரும்ப வருமா?

மேஜிக் ஐ என்பது ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததைப் பச்சை ஒளியால் காட்டும் வால்வு. உள்ளே பூசிய, ஒளிரும் பாஸ்பர் தேய்ந்துபோனால் வராது. ஆனால் பல சமயம் அதன் பிளேட்டுக்குப் போகும் ரெசிஸ்டர் (இஎம்-80-க்கு 470 கிலோ ஓம்) ஏறிப்போய்க் கண் திறந்து மூடாமல் இருக்கும். அதை மாற்றிப் பாருங்கள். வெளிச்சமே இல்லையென்றால் வேறு வால்வுதான். விலை கூடுதல், ரேடியோ அது இல்லாமலும் பாடும்.

ஏரியல் எப்படிப் போடுவது? எங்கள் வீடு நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு.

அதிர்ஷ்டம்தான். ஓட்டுக் கூரைக்குள் இரும்புக் கம்பி இல்லை. கான்கிரீட் மாடியின் அடியில் அமுங்கும் மீடியம் வேவ் இங்கே அமுங்காது. முற்றத்துக்கு மேலே ஓட்டு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு 10 முதல் 15 மீட்டர் செப்புக் கம்பி, இரு முனையிலும் பீங்கான் இன்சுலேட்டர், ஒரு முனையிலிருந்து இன்சுலேஷன் போட்ட கம்பி கீழே செட்டுக்கு. நாலு மூலைத் தண்ணீர்க் குழாயிலோ தகரப் பந்தலிலோ கம்பி படக் கூடாது. அந்தக் காலத்து வலைப்பின்னல் பட்டை ஏரியல் கறுத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை, ஒட்டுமுனையை மட்டும் சுரண்டிவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் செட்டுக்கு எர்த் கொடுத்தால் இரைச்சல் பாதி குறையும். ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள செப்புத் தண்டை ஈரமான இடத்தில் அடியுங்கள். செம்மண்ணும் சரளையும் கோடையில் காய்ந்து எர்த் பிடிக்காது. கிணற்றடியோ வாழைப் பாத்தியோ நல்ல இடம். ஏசி-டிசி செட்டின் சேசிஸில் எர்த் கொடுக்கவே கூடாது; அதற்கென உள்ள எர்த் துளையிலும், உள்ளே இருக்கும் பாதுகாப்புக் கண்டென்சரைப் புதிய ஒய் வகையாக மாற்றிய பிறகே.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மழை வரும்போது ஏரியலைச் செட்டிலிருந்து கழற்றி எர்த்தில் சேர்த்துவிடுங்கள்.

செட் சரியாகிவிட்டது, ஆனால் கரகரவென்று இரைச்சல்தான் கேட்கிறது.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் வந்தால் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டுத் திருப்புங்கள். எப்போதும் வந்தால் குற்றவாளி உங்கள் வீட்டில்தான்: எல்இடி பல்பு, போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், சோலார் இன்வெர்ட்டர். பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடங்கள். இரைச்சல் எங்கே ஏறுகிறதோ அங்கே இருக்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது செட்டைப் போடாதீர்கள்; சதுர அலை இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மரும் உறுமும், ரேடியோவும் உறுமும்.

ஜெர்மன் செட், எஃப்எம் இருக்கிறது. நம் ஸ்டேஷன்கள் வருமா?

பல செட்டுகளின் டயல் 100 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடும். கொடைக்கானல் 100.5 என்பதால், முள் விளிம்பைக் கொஞ்சம் தாண்டும் செட்டில் அதைப் பிடிக்கலாம். அதற்கு மேலே உள்ளவை எட்டாது. எஃப்எம் மட்டும் குறைவாகக் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது களைத்துப்போன இசிசி-85 வால்வைத்தான், மாற்றிப் பாருங்கள்.

பெட்டியை எப்படிச் சுத்தம் செய்வது? கரையான் தொட்டிருக்கிறது.

டயல் கண்ணாடியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் நாசமாவது அதுதான். கொழும்பு, மெட்ராஸ், டெல்லி என்ற எழுத்துகள் கண்ணாடியின் பின்புறம் அச்சிட்டவை. ஈரத் துணி பட்டால் ஒரே இழுப்பில் வந்துவிடும். முன்புறத்தை மட்டும் துடையுங்கள். பின்புறத்துக்கு உலர்ந்த மென்பிரஷ், அதுவும் எழுத்தின் மேல் வேண்டாம்.

உள்ளே குளவிக் கூடு, பல்லி முட்டை, எலி இழுத்துப் போட்ட பஞ்சு எல்லாம் இருக்கும். குளவி மண்ணை உடைத்து ஊதாதீர்கள், அது கேங் தகடுகளுக்குள் போய் ஷார்ட் ஆகும். சேசிஸைக் கவிழ்த்துப் பிடித்துச் சுரண்டி எடுங்கள்.

மரப்பெட்டி பார்க்கத் தேக்கு மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் பிளைவுட்டின் மேல் வால்நட் வெனீர். கிளம்பிய வெனீரின் அடியில் ஃபெவிக்காலைப் பழைய பிளேடால் தள்ளி, பிளாஸ்டிக் தாள் வைத்து ஒரு நாள் பாரம் ஏற்றுங்கள். கரையான் தின்ற இடத்தைக் கரையான் மருந்து ஊட்டி முழுக்க உலரவிட்ட பிறகு அடையுங்கள். மேலே வார்னிஷ் வேண்டாம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ்தான் பொருந்தும். கதவு நிலைகளுக்குப் பாலிஷ் போடும் ஆசாரிகளுக்கு இந்த வேலை தெரியும். ஆனால் உப்புத்தாள் போட்டு வெனீரைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பேக்லைட் பெட்டிக்குப் பித்தளை பாலிஷ் போதும்.

காரைக்குடி பழம்பொருள் கடைகளில் வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

முனீஸ்வரன் கோயில் தெருவில் ரேடியோக்கள் வந்துகொண்டேதான் இருக்கும். வெளிப் பாலிஷைப் பார்க்காதீர்கள், பின் அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். சேசிஸை எறிந்துவிட்டு உள்ளே ப்ளூடூத் போர்டு வைத்த பெட்டிகள் உண்டு. டயல் கண்ணாடி முழுசா, குமிழ்கள் எல்லாம் ஒரே செட்டா, வால்வுகள் இருக்கின்றனவா, டிரான்ஸ்ஃபார்மரில் தார் வழிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியும் குமிழும் வேறெங்கும் கிடைக்காது. கண்டென்சரும் வால்வும் கிடைக்கும். கடைக்காரர் “ஓடுதா பாருங்க” என்று பிளக்கை எடுத்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

சரிசெய்த பிறகு எப்படிப் பராமரிப்பது?

பிரைமரியில் 500 மில்லிஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ் ஒன்று போட்டுவிடுங்கள், பழைய செட்டுகளில் இருக்காது. பழைய ரப்பர் கம்பி விரலில் உதிர்ந்தால் மெயின் கார்டோடு சேர்த்து மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் செட்டுக்கு மூன்று கம்பி கார்டு போட்டுச் சேசிஸை எர்த் செய்யலாம். பின்னால் சுவருக்கும் செட்டுக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். மேலே துணி விரித்து ஜாடி வைக்காதீர்கள். மாதம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் பாட விடுங்கள், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. சும்மா கிடக்கும் செட்டில்தான் ஈரம் இறங்கும், குளவியும் கூடு கட்டும்.